அளவிக்கும் வேண்டும் உரைகல்

மைசூரு தேவராஜா சந்தையில் காய்கனி வாங்குவோர் தராசைக் கூர்ந்து நோக்குவர். தட்டில் ஒன்றும் வைக்காதபோது அது சுழியைக் காட்ட வேண்டும். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் ஒரு கிலோ என்றே காட்ட வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான் அது காட்டும் எடையை நம்பலாம். விண்ணில் வலம்வந்து காற்றின் ஈரத்தை அளக்கும் கருவிக்கும் இதுவே விதி.

மைசூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணராஜசாகர் அணை, குடகு மலைப்பகுதியில் பெய்யும் மழையால் நிரம்புகிறது. அந்நீரே காவிரியாகப் பாய்ந்து தமிழ்நாட்டு வயல்களையும் அடைகிறது. மழையை முன்கூட்டியே கணிக்க, காற்றில் எந்த உயரத்தில் எவ்வளவு நீராவி உள்ளது என்பது தெரிய வேண்டும். அந்த அளவு பிழைபட்டால் கணிப்பும் பிழைபடும்.

இத்தகைய ஆய்வுக்காக இந்தியாவும் பிரான்சும் இணைந்து மேகா-டிராபிக்ஸ் என்னும் செயற்கைக்கோளை உருவாக்கின. அது 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளுக்கு மேலே, ஏறத்தாழ 867 கி.மீ. உயரத்தில் அது சுற்றியது. ஆதலால், மைசூரு போன்ற ஊர்களின் வானத்தை ஒரே நாளில் பலமுறை காண அதனால் இயன்றது.

வெப்பமுடைய பொருள்கள் யாவும் கதிர்களை வெளியிடுகின்றன. அவற்றுள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளும் உண்டு. அவற்றை அளக்கும் கருவி நுண்ணலைக் கதிர்வீச்சுமானி எனப்படும். மேகா-டிராபிக்ஸில் இருந்த சஃபிர் அத்தகையதே. அது 183 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய ஆறு அலைவரிசைகளில் நீராவியின் சுவடுகளை அளந்தது.

கருவியை வந்தடையும் அலை மிக மெல்லியது. அதைப் பெருக்கிக் காட்டும் மின்னணுப் பகுதியின் திறனோ வெப்பநிலைக்கேற்ப மாறக்கூடியது. எனவே, சஃபிர் தன் ஒவ்வொரு சுழற்சியிலும் புவியை மட்டுமன்றி வேறு இரண்டையும் நோக்கியது. ஒன்று, வெற்று விண்வெளி. அதன் வெப்பநிலை ஏறத்தாழ -270 டிகிரி செல்சியஸ். மற்றொன்று, கருவிக்குள்ளேயே வெப்பமானி பொருத்தி வைக்கப்பட்ட ஒரு கரும்பொருள். குளிருக்கு ஒன்றும் வெப்பத்துக்கு ஒன்றுமாக, அறிந்த இரு புள்ளிகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு புவியிலிருந்து வந்த அலையின் அளவு கணக்கிடப்பட்டது. இதனை அளவுத்திருத்தம் என்பர். விண்வெளி வெறுந்தட்டு; கரும்பொருள் படிக்கல்.

அத்துடன் பணி முடிவதில்லை. இடிமேகங்களின் உச்சியிலுள்ள பனித்துகள்கள் நுண்ணலைகளைச் சிதறடிக்கும். அவ்விடங்களில் பெற்ற அளவுகளைத் தனியே குறித்து விலக்க வேண்டும். மேலும், 2011-ஆம் ஆண்டின் இறுதியில் மாலத்தீவின் கன் தீவிலிருந்து பறக்கவிடப்பட்ட பலூன்களின் அளவுகளோடு சஃபிரின் அளவுகள் ஒப்பிடப்பட்டன. சில அலைவரிசைகளில் வேறுபாடு தென்பட்டது.

பிழை யாருடையது? ஆய்வாளர்கள் சஃபிரை மட்டும் குற்றம் கூறிவிடவில்லை. பிற செயற்கைக்கோள்களின் கதிர்வீச்சுமானிகளும் அதே போன்ற வேறுபாட்டைக் காட்டின. பலூனில் உள்ள ஈரப்பத உணரியும் பகல் வெயிலில் சூடேறினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். எனவே கருவி, பலூன், கணக்கிடும் முறை ஆகிய அனைத்தையும் ஆராய்ந்தனர். சரிபார்க்கும் கருவியையும் சரிபார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

2023 மார்ச் 7 அன்று மேகா-டிராபிக்ஸ் பசிபிக் பெருங்கடலை நோக்கித் திட்டமிட்டு இறக்கப்பட்டு அழிக்கப்பட்டது. அது திரட்டிய அளவுகளோ இன்றும் உள்ளன. பொன்னின் தரத்தை உரைகல் உணர்த்துவதுபோல, அவற்றின் தரத்தை அந்தச் சோதனைகளே உணர்த்துகின்றன.

சிந்தித்து விடை எழுதுக

1. சஃபிர் ஒவ்வொரு சுழற்சியிலும் விண்வெளியையும் கரும்பொருளையும் நோக்கியது ஏன்?
2. பலூனின் அளவை அப்படியே ஏற்றுக்கொள்ளாதது ஏன்?
3. உன் வீட்டிலுள்ள ஓர் அளவுகருவி சரியாகக் காட்டுகிறதா என்பதை எவ்வாறு சோதிப்பாய்? ஐந்து வரிகளில் எழுதுக.