மிஞ்சிய மாவை இட்லிப் பானையில் வைத்தால்?

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். புதுச்சேரி நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் காகித நட்சத்திரங்களை இன்னும் கழற்றியிருக்க மாட்டார்கள். பல வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இன்னொன்றும் பாக்கியிருக்கும்: நெய் பிஸ்கட்டுக்கென்று பிசைந்து, விருந்தாளிகள் வந்த பரபரப்பில் சுடாமல் விட்ட மாவு. "இவ்வளவு வெண்ணெய் போட்டது, கொட்டவா முடியும்?" என்று ஆயா கேட்பார். கொட்டவே வேண்டாம், குழந்தைகளே. அந்த ஒரு கிண்ண மாவில் நாலைந்து தின்பண்டம் செய்யலாம். அதோடு, சமையலறைக்குள் நடக்கும் வேதியியலையும் கண்ணால் பார்க்கலாம். அடுப்படி வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யட்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பச்சை மாவைக் கிள்ளி வாயில் போடாதீர்கள். 'முட்டை சேர்க்கவில்லையே, அப்புறம் என்ன?' என்று கேட்பீர்கள். முட்டை மட்டும்தான் ஆபத்து என்று வெகுகாலம் பெரியவர்களும் நினைத்தார்கள். 2009-இல் அமெரிக்காவில், கடையில் விற்ற பச்சைப் பிஸ்கட் மாவைத் தின்ற 70-க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் நோய்ப்பட்டார்கள். ஆராய்ந்தவர்களின் சந்தேகம் கடைசியில் மைதாவின் பக்கம்தான் போனது. 2016-இல் அங்கே இன்னொரு முறை நோய் பரவியபோது, மைதாவிலேயே அந்தக் கிருமி இருந்தது உறுதியானது. வயலில் விளைந்த கோதுமை அரைபட்டு மாவாகிறதே தவிர, அது வேகவைத்த பொருள் அல்ல. வாணலியில் மைதாவை வறுத்துவிட்டால் போதும் என்றும் நம்ப வேண்டாம். உலர்ந்த பொருளுக்குள் கிருமிகள் சூட்டை நிறையவே தாங்கும். ஆகவே, எதைச் செய்தாலும் நன்றாக வெந்த பிறகுதான் தின்ன வேண்டும்.

இனி, கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. பிரெஞ்சுக்காரர்களின் 'சாப்லே' பிஸ்கட்டுக்கும் நம் நெய் பிஸ்கட்டுக்கும் ஏறக்குறைய இதுதான் கணக்கு. இதே மைதாவில்தான் பரோட்டாவும் செய்கிறார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது துணிபோல விரிகிறதே, ஏன்? மைதாவில் உள்ள குளூட்டனின், கிளையாடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய குளூட்டன் என்னும் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பிஸ்கட் மாவில் கொழுப்பு முந்திக்கொள்கிறது. மாவுத் துகள்களை அது சுற்றி மூடிவிடுவதால் புரதங்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை, வலையும் சரியாகப் பின்னுவதில்லை. பரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறோம், நெய் பிஸ்கட் வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது.

இது தெரியாமல், மிஞ்சிய மாவை அப்படியே உருட்டி எண்ணெயில் பொரிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. போட்ட மாத்திரத்தில் கொழுப்பு உருகிவிடும். பிடித்து நிறுத்த வலை இல்லாததால், உருண்டை எண்ணெய் முழுக்கக் கரைந்து நுரைத்துக்கொண்டு போகும். பொரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், மிச்ச மாவின் அளவுக்கே புது மைதாவைச் சேர்த்து, கொஞ்சம் பால் தெளித்து, அழுத்திப் பிசையுங்கள். பாலில் இருக்கும் தண்ணீர் புது மாவில் வலையைப் பின்னிவிடும். சப்பாத்தியாகத் தேய்த்து, கத்தியால் சாய்சதுரமாகக் கீறிப் பொரித்தால் டைமண்ட் பிஸ்கட் தயார். எண்ணெயில் ஒன்றுகூட உடையாது.

பொரிக்க விருப்பமில்லையா? மாவை உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாராளமாகத் தாங்கும், ஃப்ரீசரில் என்றால் இரண்டு மாதம். வேண்டும்போது எடுத்து வில்லையாக நறுக்கிச் சுட்டுக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு இந்தக் குளிர்ச்சி ரொம்ப அவசியம். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பிக்கிறது. மே மாதப் புதுச்சேரியில், நிழலில் வைத்த மாவுகூடத் தொளதொளத்துவிடும். அதை அடுப்பில் வைத்தால், வேகும் முன்பே பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த வில்லையில் வெண்ணெய் உருகி முடிவதற்குள் ஓரம் வெந்து இறுகிவிடுகிறது. அதனால் உருவம் கலையாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. குளிர்ந்த உருளையிலிருந்து ஒரே கனத்தில் இரண்டு வில்லை நறுக்குங்கள். ஒன்றை இட்லிப் பானையில் வைத்து ஆவியில் வேக விடுங்கள். இன்னொன்றைத் தட்டில் வைத்து, உப்பு பரப்பிச் சூடாக்கிய அடிகனமான பாத்திரத்துக்குள் ஒரு வளையத்தின் மேல் இறக்கி மூடுங்கள். வீட்டில் ஓவன் இருந்தால் இன்னும் நல்லது. இருபது நிமிடத்தில் உப்புப் பாத்திரத்திலிருந்து எழும் வாசனை கூடத்துக்கே வந்துவிடும். திறந்து பார்த்தால் வில்லையின் ஓரம் தேன் நிறமாகவும், நடு வெளிறலாகவும், அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் சிவந்தும் இருக்கும். இட்லிப் பானையில் இருப்பதோ வெள்ளையாக, மேலே நீர் முத்துகளோடு, கொழுக்கட்டைபோல மெத்தென்று கிடக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டாலும் அது பொன்னிறமாகாது.

ஒரே மாவு, ஏன் இந்த வித்தியாசம்? ஆவி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, வில்லையின் மேற்பரப்பையும் ஈரமாகவே வைத்திருக்கிறது. உப்புப் பாத்திரத்திலோ பரப்பு உலர்ந்து, சூடு 140 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அப்போது சில வகைச் சர்க்கரைகளும் புரதத்தின் பகுதிகளான அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. இதை 1912-இல் விவரித்து எழுதியவர் லூயி கமில் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், மருத்துவமும் படித்தவர். அதனால் இதற்கு மய்யார் வினை என்றே பெயர். அதே ஆண்டில் நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, பாரதியார் இங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்தார். தோசையின் முறுகலுக்கும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் இந்த வினையில் பங்குண்டு. குறைந்த சூட்டிலும் அது நடக்கும், ஆனால் மிக மெதுவாக. பாலை மணிக்கணக்கில் காய்ச்சும்போது திரட்டுப்பால் நிறம் மாறுவது அப்படித்தான்.

அடுத்து, கால் தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து, ஒரு வில்லையின் பாதிப் பக்கத்தில் மட்டும் விரலால் தடவிச் சுட்டுப் பாருங்கள். தடவிய பக்கம் முந்திச் சிவக்கும். காரத்தன்மை மய்யார் வினையை விரைவாக்கும்.

மீதி மாவுக்கு இன்னும் வழி இருக்கிறது. கடற்கரைப் பக்கத்துப் பேக்கரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம் வைத்த டார்ட் பார்த்திருப்பீர்கள். அதன் அடிக்கிண்ணமும் இந்த மாதிரி மாவுதான். சிறிய எவர்சில்வர் கிண்ணத்தின் உட்புறம் மாவை மெல்லியதாக அழுத்தி, அடியில் முள்கரண்டியால் குத்தி, வெறுமையாகவே சுடுங்கள். குத்தாமல் விட்டால் உள்ளே உண்டாகும் ஆவி வெளியேற வழியின்றி மாவு உப்பிக்கொள்ளும். ஆறிய பிறகு வாழைப்பழமோ மாம்பழமோ நிரப்பலாம். ரொம்பக் கொஞ்சம்தான் மாவு இருக்கிறது என்றால், நறுக்கிய அன்னாசியின் மேல் உதிர்த்துத் தூவிச் சுடுங்கள். பழத்தைத் தொடும் மாவு சாற்றில் ஊறி மென்மையாகும், மேலே இருப்பது மொறுமொறுப்பாகும். பணியாரச் சட்டியிலும் செய்யலாம். சிறுதீயில் மூடி வைத்து, அடி சிவந்ததும் மெதுவாகத் திருப்ப வேண்டும், அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

அடுத்த முறை மாவு பிசையும்போது ஒன்று செய்யுங்கள். பாதியை அன்றைக்கே சுட்டு, ஒரு பிஸ்கட்டை டப்பாவில் எடுத்து வையுங்கள். மறு பாதியை மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்து, அதே சூட்டில், அதே நேரம் சுடுங்கள். அந்த மூன்று நாளில் மாவில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைச் சிறு சர்க்கரைகளாக உடைத்திருக்கக்கூடும். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அதிகம் சிவந்திருக்கிறது, எதில் மணம் தூக்கலாக இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.