பன்னாட்டுப் பயணமும் மருந்தெதிர்ப்பு பாக்டீரியாக்களும்

பன்னாட்டுப் பயணத்தின்போது, குறிப்பாக வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும்போது, நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் ஒருவரது உடலில் குடியேறி, அவருடன் வேறு நாட்டு மருத்துவமனையைச் சென்றடையக்கூடும். இவ்வாறு பரவியவற்றுள் நன்கு அறியப்பட்டவை என்டிஎம்-1 என்னும் நொதியை உருவாக்கும் பாக்டீரியாக்கள் ஆகும்.

சுமத்தலும் தொற்றும்

பாக்டீரியாவைச் சுமப்பதும் அதனால் நோயுறுவதும் ஒன்றல்ல. எசரிக்கியா கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே போன்றவை எவ்வித அறிகுறியும் இன்றிக் குடலில் வாழக்கூடியவை. சிறுநீர் வடிகுழாய், அறுவைச் சிகிச்சைப் புண் போன்றவற்றின் வழியே உடலின் பிற பகுதிகளை அடையும்போது இவை தொற்றை உண்டாக்குகின்றன. எனவே நலமான பயணிக்குத் தீங்கு செய்யாத பாக்டீரியா, தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் பலவும் பிளாசுமிடு எனப்படும் சிறு டிஎன்ஏ வளையங்களில் அமைந்துள்ளன. இவ்வளையங்கள் ஓர் இன பாக்டீரியாவிலிருந்து மற்றோர் இனத்திற்கும் தாவ வல்லவை.

என்டிஎம்-1

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன் நாட்டவர் ஒருவர் 2007 டிசம்பரில் புது தில்லியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2008 சனவரியில் சுவீடனில் அவரது சிறுநீரிலிருந்து கிளெப்சியெல்லா நிமோனியே பிரித்தெடுக்கப்பட்டது. பிற மருந்துகள் பயனளிக்காதபோது கொடுக்கப்படும் கார்பபீனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் புதிய நொதி அதில் இருந்தது. அதே மரபணு அவரது மலத்தில் இருந்த எசரிக்கியா கோலையிலும் காணப்பட்டது. இக்கண்டுபிடிப்பு 2009இல் வெளியானது.

2010இல் வெளியான ஆய்வொன்று சென்னை, அரியானா, ஐக்கிய இராச்சியம் முதலிய இடங்களில் இந்நொதியைக் கண்டறிந்தது. இதில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்றனர். ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த 29 நோயாளிகளுள் குறைந்தது 17 பேர் முந்தைய ஓராண்டில் இந்தியாவுக்கோ பாக்கித்தானுக்கோ சென்றிருந்தனர். அவர்களுள் 14 பேர் அங்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்.

பெயர்ச் சர்ச்சை

நொதிக்கு நகரின் பெயரைச் சூட்டியது இந்தியாவில் கண்டனத்திற்கு உள்ளானது. மருத்துவச் சுற்றுலாவுக்கு இது களங்கம் விளைவிக்கும் எனக் கருதப்பட்டது. 2010 ஆய்வை வெளியிட்ட இலான்செட் இதழ்க் குழுமத்தின் ஆசிரியர் ரிச்சர்டு ஓர்ட்டன் 2011 சனவரியில் இப்பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 2011இல் புது தில்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளுள் 2இலும், 171 தேங்குநீர் மாதிரிகளுள் 51இலும் இம்மரபணு இருந்ததாக மற்றோர் ஆய்வு தெரிவித்தது. சிக்கல் மருத்துவமனைகளோடு நின்றுவிடவில்லை என்பதை இது காட்டியது.

பயணிகளிடையே ஆய்வு

நெதர்லாந்துப் பயணிகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியானது. விரிநிறமாலை பீட்டா-லாக்டமேசு நொதியை உருவாக்கும் குடற்பாக்டீரியாக்களைப் பயணத்திற்கு முன் கொண்டிராத 1847 பேருள் 633 பேர் (34.3%) அவற்றைப் பயணத்தின்போது பெற்றிருந்தனர். தெற்காசியா சென்றோரிடையே இது 75.1% ஆகும். பயணத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி உட்கொண்டோருக்கு வாய்ப்பு மிகுதியாக இருந்தது. சுமக்கும் காலத்தின் இடைநிலை அளவு 30 நாட்கள், 11.3% பேரிடம் ஓராண்டுக்குப் பின்னும் பாக்டீரியா நீடித்தது.

தடுப்பு முறைகள்

- அண்மையில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவர்களைச் சேர்க்கையின்போதே சோதித்தல். முடிவு வரும்வரை தனி அறையில் வைத்தல்
- மருத்துவப் பணியாளர் கைகளைத் தூய்மை செய்தல்
- தூய குடிநீர், கழிவுநீர் அகற்றல்
- நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் தேவையற்ற பயன்பாட்டைக் குறைத்தல்

இந்திய மருத்துவ அமைப்புகள் 2012இல் சென்னையில் கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 முதல் கார்பபீனம் உள்ளிட்ட சில மருந்துகளின் விற்பனையைப் பதிவேட்டில் குறிப்பது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- நுண்ணுயிர் எதிர்ப்பி
- பிளாசுமிடு
- மருத்துவச் சுற்றுலா