மாணவர் தேர்தலும் குடிமைப் பயிற்சியும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வழியிலே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. துறைமுகத்தைச் சூழ்ந்த இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்வது போலவே, அவ்வளாகத்திலும் மூவினத்து மாணவரும் ஒருங்கே பயில்கின்றனர். இத்தகைய இடங்களிலே மாணவர் சங்கத் தேர்தல் எவ்வாறு நடைபெறுதல் வேண்டும் என்பது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை 1931 ஆம் ஆண்டிற் கிடைத்தது. அன்று 21 ஆக இருந்த வாக்காளர் வயது, 1959 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கத் தக்கவர் எனச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒருவரை, தம் சங்கத்தின் செயலாளரைத் தெரிந்தெடுக்கத் தகாதவர் என்று எவ்வாறு கூறுவது? 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டமும் மாணவர் சங்கங்களுக்கு இடமளித்துள்ளது.

ஆயினும், சங்கம் இருப்பது வேறு. அதன் தேர்தல் சுதந்திரமாக இருப்பது வேறு. மூத்த மாணவர் சிலர் விடுதி அறையொன்றிற் கூடி ஒரு பெயரைக் குறித்துவிட, புதிதாக வந்தோர் அஞ்சிக் கைதூக்குவராயின், அது தேர்தலன்று, தேர்தலின் நிழலே. வெளியிலுள்ள கட்சியொன்று தன் ஆளை நிறுத்தினாலும், நிருவாகமே தனக்கு வேண்டியவரை நியமித்தாலும், விளைவு ஒன்றே. பகிடிவதையைத் தடுக்க 1998 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. எனினும், அச்சம் சட்டத்தால் மட்டும் அகலுவதன்று. யாருக்கு வாக்களித்தோம் என்பதைப் பிறர் அறிய முடியாத இரகசிய வாக்குச்சீட்டே எளிய மாணவனின் கவசம்.

அதனோடு வேறு சிலவும் வேண்டும். வாக்காளர் பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே யாவரும் காண வெளியிடப்பட வேண்டும். போட்டியிடாத, எச்சார்புமற்ற ஒருவர் தேர்தலை நடத்த வேண்டும். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். எண்ணுதல் வேட்பாளர் முன்னிலையில் நிகழ வேண்டும். தெரிவானவர் ஆண்டிறுதியிற் கணக்குக் காட்ட வேண்டும். இக்கடைசி நிபந்தனை நமக்குப் புதியதன்று. உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் இடலாகாது என விதிக்கின்றது. அங்கே 35 வயதுக்குக் குறைந்தோர்க்கு இடமில்லை. இன்று இளைஞர்க்கும் இடமுண்டு. ஆனால் கணக்குக் காட்டும் கடமை அன்றும் இன்றும் ஒன்றே.

“படிக்கப்போன பிள்ளைக்கு அரசியல் எதற்கு?” எனப் பெற்றோர் கேட்கக்கூடும். அக்கேள்வியின் பின்னே இருப்பது வெறும் வெறுப்பன்று, துயரம். 1971 இலும், 1987 முதல் 1989 வரையிலும் எழுந்த கிளர்ச்சிகளிலும், 2009 வரை நீடித்த போரிலும், எத்தனையோ இளம் உயிர்களை இந்நாடு இழந்தது. தென்னிலங்கைக் கிளர்ச்சியின்பின் நியமிக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு 1990 இல் அறிக்கை தந்தது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளரில் 40 வீதத்தினர் இளைஞராக இருத்தல் வேண்டுமெனச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. பின்னர் அவ்விதி மாறியது. எனினும் அதன் உட்பொருள் மாறவில்லை. பேச இடமின்றி அடைபட்ட குரல் வேறு வழி தேடும் என்பதே அது.

ஆகவே, தேர்தலைத் தடுப்பது பிள்ளைகளைக் காப்பதாகாது. மூதூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, விடுதியின் குடிநீர்க் குறையை எடுத்துரைக்கவெனத் துணிந்து போட்டியிடுகின்றாள் எனக் கொள்வோம். அவள் தோற்கலாம், தோல்வியை ஏற்று, வென்றவரிடம் அக்குறையை மீண்டும் கேட்பாள். பிற மொழி பேசும் தோழியரின் வாக்கையும் நாடிச் சென்றிருப்பாள். தோற்றபின் கேட்பதும், வென்றபின் செவிசாய்ப்பதும் மேடைப்பேச்சால் வருவனவல்ல, பழக்கத்தால் வருவன. அப்பழக்கத்தைப் பெறுதற்கு ஏற்ற களம் பல்கலைக்கழகமே. விடுமுறையில் வீடு திரும்பும் உங்கள் பிள்ளைகளிடம், “உங்கள் சங்கத் தேர்தல் எவ்வாறு நடந்தது?” என்று ஒருமுறை கேளுங்கள்.