குறைமாதச் சிசுவின் உணவு: மலையகத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

மலையகத் தோட்டத் தொழிலாளர் பற்றிய எழுத்துக்கள் கூலியையும் குடியுரிமையையும் லயத்தையும் விரிவாகப் பேசியுள்ளன. மாதம் நிறையுமுன் பிறந்த சிசுவின் உணவு பற்றி அவை பேசியமை அரிது. இது மருத்துவர்க்குரிய பொருளன்றோ, இலக்கிய மாணவர்க்கு இங்கென்ன வேலை எனச் சிலர் வினவலாம். அவ்வுணவு தாயின் உடலில் உற்பத்தியாவது. அவ்வுடலின் நேரமோ தோட்டத்துக்கு விற்கப்பட்டது. ஆதலின் இப்பொருள் நமக்கும் உரியதே.

28 வாரம் நிறையுமுன் பிறப்பதை மிகக் குறைமாதச் சிசு என்பர். உறிஞ்சல், விழுங்கல், மூச்சு ஆகிய மூன்றையும் இசைவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 34ஆவது வாரமளவிலேயே கைகூடும். அதுவரை இரைப்பைக்குச் செலுத்திய மெல்லிய குழாயினூடாகவே பாலூட்ட வேண்டும். முதிராத குடல் அழற்சியுற்று அழுகிவிடலாம். உயிர் கவரும் நோய் அது. இவ்வச்சத்தால் பாலை மிக மெதுவாகக் கூட்டுவதே நெடுங்கால வழக்கமாயிற்று. ஆயின், பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1500 கிராமிலும் குறைந்த 2804 குழந்தைகளிடை நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வு வேறொன்றை உணர்த்திற்று. நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 18 மில்லிலீற்றர் வீதம் கூட்டினும் 30 வீதம் கூட்டினும், ஈராண்டு வயதில் பெருங்குறைபாடின்றி வாழ்ந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

வேகத்தினும் எந்தப் பால் என்பதே முதன்மையானது. லூக்காஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட முடிவின்படி, பால்மா மாத்திரம் பெற்றோரிடை அக்குடல்நோய் மனிதப்பால் மாத்திரம் பெற்றோரினும் 6 முதல் 10 மடங்கு மிகுந்திருந்தது. தாயின் பால், அஃதில்லையேல் பிற தாயர் கொடையளித்த பால், பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்தல் என்பன உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரைகள். மார்பணைப்பு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், வெப்பப் பேழைகள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே தொடக்கியது. இல்லாமையிற் பிறந்த முறையைச் செல்வந்த நாடுகள் பிறகு கற்றுக்கொண்டன.

தோட்டப்புறத்தில் நிறைகுறைந்த பிறப்புக்கள் ஏனைய பகுதிகளிலும் அதிகம். 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது, நன்று. ஆனால் பாலைப் பீய்ச்சியெடுப்பது நாளுக்கு எட்டுத் தடவையளவில் நிகழாவிடில் சுரப்பு வற்றிவிடும். சிசு நுவரெலியாவில், தாய் அற்றன் மலையொன்றின் லயத்தில் என்றால் அது எங்ஙனம் நிகழும்?

சட்டத்தையும் நோக்குவோம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 2018இன் திருத்தத்துக்குப் பின், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 84 நாள் விடுமுறை அளிக்கிறது. அது 12 வாரம். 28 வாரத்தில் பிறந்த சிசு 40 வாரத்தை எட்டவும் 12 வாரமே செல்லும். பிள்ளை பிறந்திருக்கவேண்டிய நாளன்று தாயின் விடுமுறை முடிந்துவிடுகிறது! வார ஓய்வுநாளைக் கழித்துக் கணித்தாலும் மேலும் இரு வாரமே சேரும். அதன்பின் பாலூட்டற்கு இரு இடைவேளைகள் உண்டு; பிள்ளைக்காம்பரா இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரைமணி. மலையிலிருந்து இறங்கி ஏறவே அது கழியும். கூடையில் கொழுந்தும் குறையும்.

பிரித்தானியாவில் 2025 ஏப்பிரல் முதல், பிறந்த சிசு மருத்துவமனையிலிருக்கும் காலத்தை ஈடுசெய்யப் பெற்றோர்க்கு 12 வாரம்வரை மேலதிக விடுமுறை உண்டு. கூலிப் பேச்சுக்கு அமரும் நம் தொழிற்சங்கங்கள் இக்கணக்கையும் மேசைமீது வைக்கலாம்.