நாற்பத்து மூன்றில் பல்லுக்குக் கிளிப்

சென்ற ஆண்டு சங்கத்துப் பொங்கல் விழாவில் என் வாயைப் பார்த்துவிட்டு, "மகளுக்குப் போட வேண்டியதை நீங்கள் போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்ட அன்பர்களுக்கு இதுதான் பதில்.

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று ஊரில் பாட்டி சொல்லியிருந்தாள். ஆபீசில் மராத்தி பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வேன். உச்சரிப்புக்குக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்தார்கள். பல் இடுக்கில் சோறு தங்கி ஈறில் ரத்தம் கசிந்தபோதுதான் பயம் வந்தது. பிம்ப்ரி சந்த் துக்காராம் நகரிலுள்ள டி.ஒய். பாட்டீல் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன்.

இந்த வயதில் பல் நகருமா? நகரும். பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு கரைகிறது. விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளர்கிறது. இதற்கு வயது தடையில்லை. ஆனால் சிறுவர்களுக்குத் தாடை வளர்ந்துகொண்டிருக்கும்; நமக்கு அது நின்றுவிட்டது. அதனால் இடம் போதாவிட்டால் சிலருக்குப் பல்லைப் பிடுங்க வேண்டிவரும். எனக்கு இரண்டு போயின. அதைவிட முக்கியம் ஈறு. ஈறு நோயை ஆற்றாமல் கம்பி கட்டினால் பல்லைத் தாங்கும் எலும்பே போய்விடும். அதற்கே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

கம்பியை இறுக்கும்போதெல்லாம் இரண்டு நாள் குழைந்த ரசம் சாதம்தான். தீபாவளி முறுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்துக் கம்பியை எடுத்தார்கள். முடியவில்லை! இரவில் ரிடெய்னர் மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகர ஆரம்பித்துவிடுமாம். பகலில் அது டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. அந்த டம்ளரை மகள் தொடுவதேயில்லை.