ஒரே திறன், இரண்டு வழி: எவொலூஷனும் இம்பிரேசாவும்

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஒரு கார் எடுத்துக்கொள்ளும் நேரமே அதன் தகுதிக்கு அளவுகோல் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த ஒற்றை எண் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்பதை அறிந்துகொள்ள மித்சுபிஷி லான்சர் எவொலூஷனையும் சுபாரு இம்பிரேசாவையும்விடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் அறிமுகமான இவ்விரண்டும் ரேலி எனப்படும் கரடுமுரடான பாதைப் பந்தயத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. பந்தயக் காரின் சாலைப் பதிப்பைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால், சாதாரண நான்கு கதவுக் குடும்பக் காருக்குள் நான்கு சக்கரங்களையும் இயக்கும் டர்போ இயந்திரம் குடியேறியது.

மலேசியாவில் இப்போட்டிக்குத் தனி ரசிகர் கூட்டம் உருவானதற்குப் புரோட்டோன் வீரா ஒரு முக்கியக் காரணம். 1993இல் வெளிவந்த வீரா, லான்சரின் அடிப்படையில் அமைந்தது. எவொலூஷனின் முதல் மூன்று பதிப்புகளும் அதே தலைமுறை லான்சரிலிருந்து பிறந்தவையாதலால், பானெட், பம்பர் தொடங்கி இயந்திரம்வரை பல பாகங்களை வீராவில் பொருத்த முடிந்தது. ஜப்பானில் கழிக்கப்பட்ட காரின் முன்பாதியை, இயந்திரம், கியர்பெட்டி, மின்கம்பிகள் சகிதம் அறுத்து இறக்குமதி செய்வதைப் பட்டறைக்காரர்கள் ‘ஹாஃப் கட்’ என்பார்கள். நாட்டின் மற்ற நகரங்களைப் போலவே ஈப்போவிலும் எவோ முகம் மாட்டிய வீராக்களைக் காணலாம். அவற்றில் எத்தனை உள்ளேயும் எவோ என்பது பானெட்டைத் திறந்தால்தான் தெரியும்.

காகிதத்தில் இரண்டு கார்களும் ஏறக்குறைய இரட்டையர். 2001இல் வந்த எவொலூஷன் ஏழாம் பதிப்பின் எடை சுமார் 1,400 கிலோ. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த, இம்பிரேசாவின் உயர்திறன் பதிப்பான எஸ்டிஐ சுமார் 1,430 கிலோ. இரண்டின் இயந்திரமும் 2 லிட்டர் கொள்ளளவு கொண்டது, இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட திறன் 280 குதிரைத்திறன். இது தற்செயலன்று: 280ஐத் தாண்டி விளம்பரம் செய்வதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு 2004வரை நடைமுறையில் இருந்தது. அறிவித்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே சில கார்கள் தந்தன என்பது ஊரறிந்த ரகசியம்.

இனி விநாடிக் கணக்குக்கு வரலாம். ஓட்டுநரோடு 1,450 கிலோ எடையுள்ள ஒரு காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5,60,000 ஜூல் ஆற்றல் தேவை; 280 குதிரைத்திறன் முழுவதும் முதல் கணத்திலிருந்தே சக்கரத்தை அடைந்தால் மூன்று விநாடிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் இவ்விரு கார்களும் ஐந்து விநாடியை ஒட்டியே நூறைத் தொடுகின்றன. கியர் மாற்றும் இடைவெளி, டர்போ காற்றழுத்தம் கூடும்வரையிலான தாமதம், பற்சக்கர உராய்வு, சக்கரம் வழுக்குதல் ஆகியவை மீதி நேரத்தை விழுங்குகின்றன. அமெரிக்க இதழ்கள் பல, கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓட விடுவதால், அவை அச்சிடும் எண்ணில் சுமார் கால் விநாடி குறைந்திருக்கும். ஆகவே 4.9க்கும் 5.1க்கும் இடையிலான வேறுபாட்டை வைத்து வாதிடுவது வீண்வேலை.

முடுக்கத்தின் உண்மையான எல்லையை விதிப்பது இயந்திரமன்று, தரைப்பிடிப்பு; ஈப்போ அமைந்துள்ள பேராக் மாநிலத்தின் தோட்டச் சாலைகள் அதற்கு நல்ல சான்று. ஒருகாலத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே பால் வண்டிகள் சென்ற செம்மண் பாதைகளில் இன்று செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. இறுகிய செம்மண்ணின் மேல் உதிரிக் கற்கள் பரவிக் கிடக்கும் அப்பரப்பில் கிடைக்கும் பிடிப்பு, காய்ந்த தார்ச்சாலையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். நான்கு சக்கரங்களும் உந்தும் கார் தன் முழு எடையையும் பிடிப்பாகப் பயன்படுத்தி, அங்கும் ஆறு விநாடியை ஒட்டி நூறை எட்டக்கூடும். முன்சக்கரங்கள் மட்டும் உந்தும் காரில், இயந்திரம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், பத்து விநாடிக்குக் கீழே இறங்குவது கடினம்.

இயந்திர அமைப்பில்தான் இரண்டும் பிரிகின்றன. எவொலூஷனின் நான்கு சிலிண்டர்களும் குறுக்குவாட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இம்பிரேசாவின் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கின்றன. பாக்ஸர் எனப்படும் இவ்வமைப்பால் இயந்திரத்தின் எடை தாழ்வாக அமைந்து வளைவில் உடல் சாய்வது குறைகிறது. முறுக்கு விசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் வலு, எவொலூஷனில் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியிலேயே உச்சத்தைத் தொட, இம்பிரேசா 4,000வரை காக்க வேண்டியிருக்கிறது. மலேசிய வெயிலில் இன்னொரு வேறுபாடும் வெளிப்படும். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எவொலூஷனில் முன்பம்பருக்குப் பின்னாலும், இம்பிரேசாவில் இயந்திரத்தின் மேலேயும் இருக்கிறது. நகர நெரிசலில் நின்று நின்று செல்லும்போது இயந்திரத்தின் வெப்பம் மேலெழுந்து இம்பிரேசாவின் இன்டர்கூலரைச் சூடேற்றுவதால், பச்சை விளக்கு எரிந்த முதல் சில கணங்களில் அதன் வேகம் சற்று மந்தப்படுகிறது.

வளைவுகளில் எவொலூஷனின் பின்னிரு சக்கரங்களுக்கும் தேவைக்கேற்ப விசையைப் பங்கிடுவது ஒரு மின்னணுக் கருவி. ஏழாம் பதிப்பில் தார், சரளை, பனி என மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானும் உண்டு, மூன்றாவதற்குப் பேராக்கில் வேலையில்லை. இம்பிரேசாவின் சில பதிப்புகளிலோ, முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான இணைப்பை ஒரு சிறு சக்கரத்தைத் திருகி ஓட்டுநரே மாற்றிக்கொள்கிறார். பந்தயக் களத்தில் இரு முறைகளும் வென்றிருக்கின்றன: எவொலூஷனின் அடிப்படையில் அமைந்த புரோட்டோன் பெர்ட் காரில் மலேசியர் கரம்ஜித் சிங் 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார், அடுத்த ஆண்டு ஒட்டுமொத்த உலகப் பட்டத்தைப் பெட்டர் சோல்பெர்க் சுபாருவுக்குப் பெற்றுத் தந்தார்.

தார்ச்சாலையோ செம்மண்ணோ, பழகாத ஓட்டுநருக்கும் எளிதில் வேகம் தருவது எவொலூஷன். கைத்திறனுக்கு அதிகம் இடம்விடுவது இம்பிரேசா. எவொலூஷனின் உற்பத்தி 2016இல் முடிந்துவிட்டது, அடுத்த தலைமுறைப் பெட்ரோல் எஸ்டிஐ வராது என்று சுபாருவும் 2022இல் அறிவித்துவிட்டது. எனவே இனிக் கிடைப்பவை பழைய கார்களே. வாங்க விரும்புவோர் விநாடிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எவொலூஷனில் விசைப் பங்கீட்டுக் கருவியின் பம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும், இம்பிரேசாவில் கிளட்ச்சின் நிலையையும் பார்க்க வேண்டும். இயந்திரம் மாற்றிய வீராவாக இருந்தால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.