வால்பேப்பர்: ஒட்டும் முன் சுவரைப் பாருங்கள்



மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பகுதியில் வீட்டைப் புதுப்பிக்கும் நம்மவர்கள் இப்போது பெயிண்டுக்குப் பதிலாக வால்பேப்பரைப் பற்றி விசாரிக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான், வேலையும் ஒரே நாளில் முடியும். ஆனால் நம் வீடுகளுக்கு இது பொருந்துமா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்ப்பது நல்லது.

நம்மில் பலருக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. நடுச்சுவரின் ஒரு பக்கம் உப்பு மூட்டை, மறுபக்கம் கூடம். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டை கசிந்தால் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உதிரும். அதன் மேல் ஒட்டிய தாள் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிற்காது. வினைல் பூசிய தாளாக இருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

தாளும் அதை ஒட்டும் பசையும் இராமபாணப் பூச்சிக்கு இரை. தாள் என்றால் கரையானும் விடாது. ஆகவே கிடங்கை ஒட்டிய சுவருக்கு வால்பேப்பர் வேண்டாம்.

ஈரத்தைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு அடித்த சுவரானால், சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே ஒட்ட வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. பரவலாக விற்கும் ஒரு ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம்; அதாவது சுமார் 57 சதுர அடி. 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 120 சதுர அடி. இரண்டு ரோல் ஏறக்குறையப் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு ரோலில் 10 அடித் துண்டு மூன்றுதான் கிடைக்கும். சுவருக்கு ஏழு துண்டு தேவை. எனவே மூன்று ரோல் வாங்க வேண்டும். எல்லா ரோலிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் மாறினால் நிறமும் சற்று மாறக்கூடும்.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். ஆள் உரசும் கீழ்ச்சுவரில் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பூப்போட்ட ஓடுகளைப் பதித்தார்கள். மேலே சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றினார்கள். தலைமுறைகள் கடந்தும் பல வீடுகளில் அவை பளபளக்கின்றன. பீங்கானுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சமையலறைக்கும், குளியலறைக்கும், கை படும் இடத்துக்கும் ஓடே சிறந்தது. காய்ந்த உட்சுவர் ஒன்றில் மட்டும், ஆசைக்கு வால்பேப்பர் ஒட்டலாம்.

சரக்கு எடுக்கும் முன் மூட்டையைக் குத்திப் பார்க்கும் நாம், சுவரையும் ஒருமுறை சோதித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.